ஜப்பான் தெருக்களும் அயல்நாட்டுக் கார்களும்

ஜப்பான் தன் சந்தையை இறுக மூடி வைத்திருப்பதால்தான் அமெரிக்கக் கார்கள் அங்கே விற்பதில்லை என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம், 1978 முதல் அந்நாடு இறக்குமதிக் கார்களுக்குச் சுங்கவரியே விதிப்பதில்லை என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தரச் சான்று விதிகளைப் பற்றிய அயல்நாட்டாரின் முறையீட்டை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பெரிய தடை தெருவின் அகலத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

டோக்கியோவின் குடியிருப்புப் பகுதிகளில், எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி நின்றாக வேண்டிய குறுகிய தெருக்கள் ஏராளம். போதாததற்கு, காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற்றால்தான் நகரங்களில் காரைப் பதிவு செய்யவே முடியும். இந்தச் சூழலுக்குப் பொருந்தி வளர்ந்தவை 'கே' வகைச் சிறு கார்கள்: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி என்ற வரம்புகளுக்குள் அடங்கும் இவற்றுக்கு வரியும் குறைவு. புதிதாக விற்கும் கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவ்வகைதான். அயல்நாட்டு நிறுவனங்களோ நெடுங்காலம் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் கேவலியர் என்ற காரை வலப்பக்க ஸ்டீயரிங்குடன் டொயோட்டாவே தன் பெயரில் விற்றுப் பார்த்தும் 2000-இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. ஃபோர்டு 2016-இல் வெளியேறியது. பொறுமையாக விற்பனையகங்களையும் பழுதுபார்க்கும் வசதிகளையும் வளர்த்த ஜெர்மானியர்கள் மட்டும் உயர்விலைப் பிரிவில் நிலைத்திருக்கிறார்கள். சீனாவின் பிஒய்டி, ஜப்பானுக்கென்றே வடிவமைத்த ஒரு மின்சாரக் 'கே' காரை 2025-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்தது.