மூன்றாவது முறைதான் உள்ளே போனேன்

குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அது. முதல் இரண்டு தடவையும் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். தெரிந்த முகம் யாராவது இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான். மூன்றாவது தடவை கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கை நடுக்கத்தில் தேநீர் தளும்பியது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை வாங்கி, பாதியை வேறொன்றில் ஊற்றிவிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அன்று நான் வாயே திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் பேசிக்கொண்டதில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும். தயக்கம் இருந்தால் முதலில் 'திறந்த கூட்டம்' எது என்று விசாரியுங்கள், துணைக்கு வீட்டாரையும் அழைத்துப் போகலாம். மூடிய கூட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. ஒரு குழு ஒட்டவில்லையா, வேறொன்றுக்குப் போங்கள். எனக்கும் இரண்டாவது குழுதான் பிடித்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் நாற்காலி போடுகிறேன். கதவோரத்தில் ஒன்றைக் காலியாக விட்டுவைப்பேன்.