1865-இல் கட்டிய வீடும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும்

செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு 1865-ஆம் ஆண்டு கட்டப்பட்டது என்று என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். சேலம் நகராட்சி உருவானது 1866-இல் என்பதால், "நகராட்சிக்கே நம்ம வீடு ஒரு வயசு மூத்ததுங்க" என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார். வீட்டுப் பத்திரத்தில் என் தாத்தா அதை விலைக்கு வாங்கிய ஆண்டுதான் இருக்கிறதே தவிர, கட்டிய ஆண்டு இல்லை. பெரியப்பா சொன்ன பிறகு பத்திரம் எதற்கு என்று குடும்பத்தில் யாரும் கேட்டதும் இல்லை.

அஸ்தம்பட்டியில் வாடகைக்கு இருந்த நாங்கள் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டுக்கே குடிபோவது என்று முடிவெடுத்தோம். திண்ணையும் முற்றமும் மரத்தூண்களும் அப்படியே இருக்க வேண்டும், அதே நேரத்தில் மாடுலர் கிச்சனும் அட்டாச்டு பாத்ரூமும் வேண்டும் என்பது எங்கள் திட்டம். முதலில் வந்த பொறியாளர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இடித்துப் புதிதாகக் கட்டுவதுதான் மலிவு என்றார். அடுத்து வந்த எழுபது வயதுக் கொத்தனார் அதே சுவரை அதே போலத் தட்டிப் பார்த்துவிட்டு, இடிக்கிற கூலியிலேயே என் சேமிப்பு தீர்ந்துவிடும் என்றார். சேமிப்பைப் பற்றிப் பேசியவரையே வைத்துக்கொண்டோம்.

வேலை தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டில் ஒரு மூலைகூடச் சதுரமாக இல்லை என்பது தெரிந்தது. சமையலறையின் நீளம் ஒரு பக்கம் பதினோரு அடி இரண்டு அங்குலமாகவும், எதிர்ப்பக்கம் பதினோரு அடி ஏழு அங்குலமாகவும் இருந்தது. அலமாரி செய்ய வந்த தச்சர் மூன்று முறை அளந்து மூன்று கணக்கு எழுதிக்கொண்டு, கடைசியில் எதை நம்பலாம் என்று வீட்டையே கேட்பவர் போல உத்தரத்தைப் பார்த்தபடி நின்றார். மெட்ராஸ் டெரஸ் கூரையின் அழகே அந்த உத்தரங்கள்தான். நெருக்கமாகப் போட்ட தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கியிருப்பார்கள். அதில் மின்விசிறிக் கொக்கி மாட்ட இடம் தேடி எலக்ட்ரீஷியன் செலவிட்ட ஒரு முழு நாளுக்கும் கூலி கொடுத்தேன்.

சுவர்ப் பூச்சு வேறொரு கதை. எப்போதோ யாரோ சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசிவிட்டிருந்தார்கள். அது தோசைக்கல்லில் அப்பளம் போட்டது போல ஆங்காங்கே உப்பிக் கிடந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் என்றும், மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிடும் என்றும் விளக்கிய கொத்தனார், "வேர்க்கறவனுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டுவிட்டா தாங்குவானுங்களா சார்?" என்று கேட்டார். எனவே மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சே என்று முடிவாகி, அதற்கான கடுக்காயையும் வெல்லத்தையும் கொல்லைப்புறத்தில் மூன்று டிரம்களில் ஊறப்போட்டார்.

நான்காம் நாள் அந்தக் கலவை நுரைத்துப் பொங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் வாசனை முற்றத்தைக் கடந்து ரேழி வழியாகத் தெருவுக்குப் போனது. ஆறாம் நாள் மாலை, எங்கள் திண்ணையில் வழக்கமாக உட்காரும் பெரியவர்களில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, குடும்பம் நடத்துகிற வீட்டில் இந்தத் தொழில் வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் அறிவுரை சொன்னார். சுவருக்குத்தான் ஊறுகிறது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபோது, "சுவத்துக்கு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அவர் நம்பவில்லை. மறுநாள் வேறொருவர் வந்தார். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, டிரம் எப்போது தயாராகும் என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கெட்ட பெயர் அடங்குவதற்குள், கொல்லைப்புறத் தாழ்வாரத்தின் ஓடுகளை இறக்கிக் கழுவும் வேலை வந்தது. சித்தாள் பெண் ஒருவர் கழுவிய ஓட்டைத் திருப்பி வைத்தபோது, அதன் முதுகில் ஆங்கில எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன: பாசல் மிஷன் ஓட்டு ஆலை, 1865. எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தபோது, "அதான் சொன்னேனே, சின்ன வயசுல ஒரு ஓடு கீழே விழுந்தப்பவே நான் பாத்துட்டேன்" என்றார். அன்று இரவு அந்த ஆலையைப் பற்றித் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டுதான் 1865. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் வார்த்த ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

மறுநாள் பெரியப்பாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கோத்ரெஜ் நிறுவனம் தொடங்கியது 1897-இல் என்பதற்காக, அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவை 1897-இல் செய்தது என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மங்களூர் ஓடு வருவதற்கு முன்னால் இந்த வீட்டின் மேல் நாட்டு ஓடு இருந்திருக்கும் என்றும், ஆகவே வீடு 1865-க்கும் முந்தியது என்றும் அறிவித்தார். நான் வாயைத் திறந்ததால் வீட்டுக்கு வயது கூடியதுதான் மிச்சம்.

பால் காய்ச்சுவதற்கு நான்கு நாட்கள் முன்னதாக ஃப்ரிட்ஜ் வந்தது. மூன்றடி அகலம், ஆறடிக்கு இரண்டே அங்குலம் குறைந்த உயரம். எங்கள் வாசல் நிலையின் அகலம் இரண்டேகால் அடி, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அந்த நிலையில் நான் எட்டு மாதங்களாக நெற்றியை இடித்துக்கொண்டிருந்தும், அதை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கதவுகளைக் கழற்றியும் பக்கவாட்டில் திருப்பியும் பார்த்தார்கள். நிலையைப் பெயர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கடைசியில் லீ பஜாரில் மூட்டை தூக்கும் ஆறு பேர் வந்து, கயிறும் கப்பியும் கட்டி, ஃப்ரிட்ஜை மொட்டை மாடிக்கு ஏற்றி, முற்றத்தின் வழியாக உள்ளே இறக்கினார்கள். குரங்குக்குப் பயந்து முற்றத்தின் மேல் நான் முந்தைய வாரம்தான் போட்டிருந்த இரும்புக் கிராதியை முதலில் அறுக்க வேண்டியிருந்தது. தெருவே திண்ணையில் கூடியிருந்தது. ஃப்ரிட்ஜ் அந்தரத்தில் மெல்லச் சுழன்றபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டதை, இறங்கிய பிறகு அவரே மறுத்தார்.

எல்லாவற்றையும் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "அந்தக் காலத்துல ஃப்ரிட்ஜ் ஏது? அதனாலதான் வாசலைச் சின்னதா வெச்சிருக்காங்க. இதைவிட ஆதாரம் வேணுமா உனக்கு?" என்றார்.

அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த பளிங்குக் கல்வெட்டும் அன்று மாலையே வந்து சேர்ந்தது. 'கட்டிய ஆண்டு 1865' என்று நடுவில் அழகாகப் பொறித்திருந்த அந்தக் கல்லை, கையோடு பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார். பால் காய்ச்சிய அன்று அது வாசல் சுவரில் ஏறியபோது, 1865-ஐ அடுத்து ஓரத்தில் மிஞ்சியிருந்த இடத்தில் 'க்கு முன்' என்பது நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சந்தேகத்தைக் கிளப்பியவன் நான்தான் என்பதால், அந்த நான்கு எழுத்துக்கான கூலியைப் பெரியப்பா என்னிடமே வாங்கிக்கொண்டார்.