கழுத்து வலியும் நான்காக மடித்த ஒரு சீட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கல்லலிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். அடுத்த ஆண்டு பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறவிருக்கும் அவருக்கும் என்னைப் போலவே கழுத்தெலும்புத் தேய்மானம். உடல்தகுதி குறைந்தவர்களுக்கான லோ மெடிக்கல் கேட்டகரியில் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, டிஸெபிலிட்டி பென்ஷன் தானாகவே வந்துவிடும் என்கிறார்களே" என்றார். உடல் ஊனத்துக்காகப் பட்டாளத்தில் தரும் ஓய்வூதியம் அது. 2015-இல் நான் வெளியே வந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டியவன். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் வழியில், 3,528 மீட்டர் உயரத்திலுள்ள சோஜி லா கணவாயைச் சரக்கேற்றிய லாரியோடு கடக்கும்போது, சாலையின் ஒவ்வொரு பள்ளமும் கழுத்தில்தான் வந்து இறங்கும். முதலில் இரவில் மட்டும் வலித்தது; பிறகு வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகத் தொடங்கின. கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் தெரிந்தது.

ஓய்வுக்கு முன் நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழுப் பரிசோதனையில் மூன்று கேள்விகளுக்கான பதில்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன: நோய் பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, ஊனம் எத்தனை சதவீதம். எனக்கு 20 சதவீதம் என்று எழுதிவிட்டு, மற்ற இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதி, வயதினால் வந்த தேய்மானம் என ஒரே வரியில் காரணம் காட்டியிருந்தார்கள். காரைக்குடிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்ட அவசரத்தில், நான் படிக்காமலேயே கையெழுத்திட்டேன். குறைந்தது 20 சதவீதம் ஊனம் இருப்பதோடு, அது பணியால் வந்ததாகவோ அதிகமானதாகவோ ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி சேரும் என்பது, நிராகரிப்புக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. ஒரு நாள் பகல் முழுவதும் முற்றத்து வெளிச்சத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், என் டிரங்குப் பெட்டியிலிருந்த காகிதங்களை நானும் மனைவியும் தேதிவாரியாகப் பரப்பினோம். டிஸ்சார்ஜ் புக்குக்குள் நான்காக மடிந்து, மை மங்கிப்போன ஒரு சீட்டு கிடைத்தது. மலைப்பகுதிப் பணிக்குப் போன இரண்டாம் மாதத்தில் யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறையான எம்.ஐ. ரூமில் கொடுத்தது அது: 'கழுத்து வலி, மூன்று நாள் ஓய்வு, வாகனம் ஓட்டக் கூடாது.'

அந்தச் சீட்டை நான் வாங்கியதே தற்செயல்தான். வலியைச் சொன்னால் சக வீரர்கள் இளக்காரமாக நினைப்பார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று அஞ்சி, அதற்கடுத்த நான்கு ஆண்டுகள் கடையில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு எங்குமே பதிவு செய்யாமல் இருந்துவிட்டேன். அந்த நான்கு ஆண்டு வலிக்கு இன்றுவரை ஆதாரம் கிடையாது. டிஸெபிலிட்டி பென்ஷன் கோரிக்கை ஓய்வு பெறும் நாளில் தொடங்குவதல்ல, முதன்முதலாக வலித்த அன்றே தொடங்குகிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டு மேல்முறையீடுகளும் தள்ளுபடியான பிறகு, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனேன். படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் குறிக்கப்படாத நோய், பணியின் காரணமாக வந்ததென்றே கருதப்பட வேண்டும், அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியதையே என் மனு பற்றி நின்றது. கோரிக்கை ஏற்கப்பட்டது. ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்பின்படி, என் 20 சதவீதம் 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்பட்டது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், 6 சதவீதமாக வர வேண்டியது 15 ஆயிற்று.

தம்பிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொன்னேன். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்குப் பின் ஓய்வு பெறுபவர்கள் என் காலத்துத் தீர்ப்புகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. போர்டு முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து நகல் கேட்டு வாங்குமாறும், ஊருக்கு வந்ததும் சிவகங்கையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வருமாறும் கேட்டுக்கொண்டேன்.

கழுத்து வலிக்காக முதன்முதலில் எம்.ஐ. ரூமுக்குப் போன தேதியைக் கேட்டபோது, அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு 2017 மழைக்காலம் என்றார். விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பதிவின் நகலை எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.