தும்பாட் சந்தையில்

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லையோரம் இருக்கிறது தும்பாட். அங்கே மீன் கடை வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தோம். முக்காடிட்ட மலாய்க்கார மீன்காரம்மா, கடைசியாக வந்த சயாமிய மூதாட்டியின் மீனைத்தான் முதலில் எடுத்துச் செதில் சீவினார்.

மூதாட்டியின் மீன் பௌத்த பிக்குகளுக்கு; அவர்கள் நண்பகலுக்குள் உண்டு முடிக்க வேண்டும். அது மீன்காரம்மாவுக்கும் மனப்பாடம்.

விலையில் மட்டும் சலுகை இல்லை. கிளந்தான் மலாயில் காரசாரமான பேரம். (கோலாலம்பூர் மலாயை வைத்துக்கொண்டு எனக்குப் பாதிதான் புரிந்தது.)

1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) போட்ட ஒப்பந்தத்தில் கிளந்தான் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இங்குள்ள சயாமியப் பௌத்தக் கிராமங்கள் இந்தப் பக்கம் தங்கிவிட்டன. எல்லையான கோலோக் ஆற்றுக்கு அப்பால், தாக் பாய் பக்கத்து மலாய் முஸ்லிம்கள் தாய்லாந்துக்குள் தங்கிவிட்டார்கள்.

அங்கே 2004 முதல் ஆயுத மோதல் ஓயவில்லை. இங்கே மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று யாராவது உட்கார்ந்து ஆராயலாம்.