முதல் தகவல் அறிக்கையில் காணாமல் போன வரி

மஞ்சுவிரட்டு பார்த்துத் திரும்பிய என் அண்ணன் மகனை ஊருணிக்கரையில் வெட்டிக் கொன்ற வழக்கில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்க்க வைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. உடற்கூறாய்வும் கைதும் தடையின்றி முடிந்தன. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. வெட்டுவதற்கு முன் "எந்தத் தெருடா நீ?" என்று கேட்டதையும், பதில் வந்ததும் சாதிப் பெயரைச் சொல்லி ஏசியதையும், உடன் சென்ற பையன் சொன்னபடியே அண்ணன் நிலையத்தில் சொல்லியிருந்தார். தாளில் இருந்ததோ "மாடு பிடித்ததில் முன்விரோதம்" என்பது மட்டுமே.

"மாட்டுத் தகராறில் சாதி எங்கே வந்தது?" என்றார் ஆய்வாளர். அதே மாட்டின் மீது அன்று வேறு தெருப் பையன்களும் பாய்ந்தார்கள், அவர்களில் ஒருவரையும் யாரும் வழிமறிக்கவில்லை என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இங்கேதான் பலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி) பிரிவில் முன்பு சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கொல்லப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். தெருவைக் கேட்டறிந்த பிறகு வெட்டியதை விட வேறென்ன சான்று வேண்டும்? முன்விரோதம் இருந்தால் சாதி இல்லையென்று ஆகிவிடாது. சாதி ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று பட்டான் ஜமால் வலி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

இவற்றையெல்லாம் எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நேரில் கொடுத்த மனுக்களுக்கு ரசீதுகூடத் தராதவர்கள், அட்டை திரும்பி வந்த பிறகு மரியாதையாகப் பேசினார்கள். சமாதானம் பேச ஆட்கள் வருவதற்குள், நேரில் பார்த்த பையனின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். இதற்கான பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164; அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 183. எங்கள் வழக்கில் அப்படிப் பதிவான பிறகே பிரிவு மாற்றப்பட்டு, விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் விசாரணையை ஏற்றார்.

அந்தச் சட்டப்படி அரசு தரும் நிவாரணத்திற்குப் போனால், இறந்தவன் பெயரிலேயே சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று எழுத்தர் ஒருவர் அலைக்கழித்தார். அண்ணனின் சான்றிதழையும் பையனின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்த்து வட்டாட்சியரிடமே நீட்டியதும் வேலை முடிந்தது. முதல் தவணை வந்துவிட்டது. மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்திற்குப் போன பிறகுதான்.