பிளாஸ்கோ வீட்டுப் படங்கள்

1986-ல் நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டச்சிங் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. கேமரா ரூமிலிருந்து வரும் நெகட்டிவை, அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேஜைமேல் விரித்து, தூசி விழுந்து ஓட்டையாகத் தெரிகிற இடங்களை எல்லாம் ஒபேக் தொட்டு அடைக்க வேண்டும். ஒபேக் என்பது செம்மண் நிறத்தில் ஒரு மசி. அடைக்காமல் விட்டால் ப்ளேட்டில் அத்தனையும் கரும்புள்ளியாக விழும். கண்ணில் லென்ஸ், கையில் இரண்டாம் நம்பர் பிரஷ், காலையிலிருந்து இருட்டும்வரை அதே வேலைதான்.

அன்றைக்கு வந்தது கல்யாணப் பத்திரிகைக்கான பிள்ளையார் படம். வெறும் கோட்டோவியம். மூஞ்சுறு வாலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ தெரிந்தது. அடைத்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்த அண்ணாச்சி பழைய பிரதியோடு ஒப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க கிடந்தது எங்கடா?”

“தூசின்னு நினைச்சு அடைச்சிட்டேன் அண்ணாச்சி.”

“தூசியா அது? ஆளு பேருடா.”

ஈரப் பஞ்சை வைத்து ஒபேக்கைத் துடைக்கச் சொன்னார். துடைக்கத் துடைக்க அந்த ஓவியரின் கையெழுத்து வெளிச்சத்தில் வெள்ளையாக மேலே வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவின் முருகன், லட்சுமி படங்களில் மூலையில் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துக் காலண்டர் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

நான் தெரியாமல் செய்ததை லண்டனில் சம்பளம் கொடுத்துத் தெரிந்தே செய்தார்கள் என்பது பின்னாளில் தெரிந்தது. 1960-களின் பிரிட்டிஷ் காமிக்ஸ் வாரப் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் இல்லை. யாராவது ஆசைப்பட்டு ஓர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஆபீசில் வெள்ளை மசி தடவி மறைத்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் கூட்டிக்கொண்டு போய்விடுவானே என்ற பயம் ஒன்று. பெயர் வந்தால் ஆள் கூலியும் கூடக் கேட்பான் என்பது இன்னொன்று. 1977-ல் ஆரம்பித்த 2000 ஏடி பத்திரிகைதான் அங்கே அந்தப் பழக்கத்தை உடைத்தது.

அப்படி மறைக்கப்பட்டவர்களில் ஒருவரைத்தான் நான் ஏழு வயதிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். நீங்களும்தான். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் அவர். பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நவம்பர் 3 அவருடைய பிறந்தநாள்.

அந்தப் பெயரே எனக்கு 2005-க்கு அப்புறம்தான் தெரியும். பழைய மாயாவி கதைகளை லண்டனில் டைட்டன் என்ற பதிப்பகம் கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாகக் கொண்டுவந்தது. அக்கா மகன் அங்கே வேலையாக இருந்தவன் ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கிவந்தான். உள்ளே பிரித்தால் எழுத்து கென் புல்மர், ஓவியம் இன்னார் என்று அச்சில் இருக்கிறது. “ஜீசஸ் பிளாஸ்கோவா? கர்த்தர் பேரு வச்சிருக்காரே” என்றேன். “மாமா, ஸ்பெயின்காரர். ஹெசூஸ்னு சொல்லணும்” என்று திருத்தினான். எனக்கு அது ஓர் அதிர்ச்சி. மாயாவியை வரைந்தவர் ஏதோ லண்டன் குளிரில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் என்று முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் பார்சிலோனாக்காரர். நம்மூர் மாதிரி வெயில் அடிக்கிற ஊர்.

1919-ல் பார்சிலோனாவில் பிறந்திருக்கிறார். 1935-லேயே, மீசை முளைக்காத வயதில், படம் அச்சாகத் தொடங்கிவிட்டது. அந்த வருஷமே கூட்டோ என்ற சிறுவனை உருவாக்கினார். அடுத்த வருஷம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். மூன்று வருஷம் கழித்து, போர் முடிந்து பிராங்கோ ஆட்சி வந்த பிறகு, ‘சிகோஸ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் கூட்டோ மறுபடி வந்தான். முதலில் சிரிப்புக்காகப் பிறந்த பையன், இந்தத் தடவை சாகசக்காரனாக வளர்ந்திருந்தான். ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. பெரிய ஆட்களின் சண்டைக்கு நடுவே ஒண்டியாகச் சமாளிக்கிற ஒரு பையனை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளைகளுக்காக அனிதா என்ற குட்டிப் பெண்ணையும் வரைந்தார். அது தேவதைக் கதை. அமெரிக்கத் தினசரி காமிக்ஸ்காரர்களான அலெக்ஸ் ரேமண்ட், மில்டன் கனிஃப் ஆகியோரின் சாயல் இவரிடம் தெரியும். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. எல்லாத் தொழிலிலும் அப்படித்தானே கற்றுக்கொள்கிறோம்.

அப்புறம் லண்டன். ஆள் போகவில்லை, படம் போனது. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளுக்குப் பக்கம் பக்கமாகத் தீனி வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்த கூலி ஸ்பெயின் கணக்கில் நல்ல கூலி. அதனால் பார்சிலோனா ஓவியர்களில் பலர் ஏஜென்சிகள் மூலமாக லண்டனுக்கு வரைந்தார்கள். 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. அதில்தான் லூயிஸ் கிராண்டேல், அதாவது நம்ம மாயாவி, அறிமுகம். ஆய்வுக்கூட உதவியாளன், வலது கை எஃகு. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் தெரியும். ஆரம்பத்தில் அவன் நல்லவன் கிடையாது. நியூயார்க்கையே வெடிவைத்துத் தகர்ப்பேன் என்று மிரட்டுகிற கிறுக்கன். திருந்தி நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து நல்லவனானதெல்லாம் பின்னால். எழுத்தும் புல்மர் கையிலிருந்து டாம் டுல்லி கைக்கு மாறியது.

1972-ல் நம்ம ஊர் முத்து காமிக்ஸ் முதல் இதழாக இறக்கியது இதைத்தான். நிறுவனர் சௌந்தரபாண்டியன், பொறுப்பில் முல்லை தங்கராசன். ‘ஸ்டீல் கிளா’ என்பதை ‘எஃகு நகம்’ என்று நேராகப் போட்டிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? ‘இரும்புக்கை மாயாவி’ என்று சொல்லும்போதே ஒரு தாளம் விழுகிறது. அந்தப் பெயர் வைத்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ எல்லாம் படித்தோம்தான். ஆனால் கடையில் வாடகைக்கு எடுக்கும்போது மாயாவிக்குத்தான் அடிதடி. சட்டை எப்படி மறையும், பூட்ஸ் எப்படி மறையும் என்று கேட்ட ஒரு பையனை நாங்கள் ஆட்டத்திலிருந்தே தள்ளிவைத்தோம். வீட்டில் ப்ளக் பாயிண்ட் பக்கம் போனாலே அடி விழும். காரணம் மாயாவி.

இனி என் தொழில் கண்ணால் ஒன்று சொல்கிறேன். டைட்டன் புத்தகம் வந்த அன்று ராத்திரி, பழைய லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தேன். முக்கால்வாசிப் பக்கத்தில் கதாநாயகன் இல்லை. யோசித்துப் பாருங்கள், ஓர் ஓவியனுக்கு இதைவிடப் பெரிய வம்பு என்ன? வரைய வேண்டியவனே கண்ணுக்குத் தெரிய மாட்டான். மோசமான ஆள் என்றால் புள்ளிக்கோடு போட்டு ஓர் உருவம் காட்டிவிட்டுப் போய்விடுவான். பிளாஸ்கோ அதை நம்பியிருக்கவில்லை. வெறும் கையை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு தோள் இருப்பதாக நம் கண் எடுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கை ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கினால், கீழே தொங்குகிற உடம்பின் பாரம் அந்த விரல்களில் இருக்கிறது. ஓடுகிற கை வேறு மாதிரி, பதுங்குகிற கை வேறு மாதிரி. எதிரே நிற்பவன் கையைப் பார்த்து அலறுகிற முகத்தைப் பாருங்கள். அவன் பார்வை கையில் இருக்காது, அதற்கு ஒரு முழம் மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். நானே எத்தனை தடவை அந்த வெற்றிடத்தில் முறைக்கிற ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன்!

மறைகிற கட்டங்களில் இன்னொரு வித்தை. அவன் போட்டிருக்கும் மேலங்கியில் நெருக்கமாக ஓடுகிற சாய்கோடுகள் ஓரிடத்தில் இடைவெளி விட ஆரம்பிக்கும். பிறகு இன்னும் கொஞ்சம். விளிம்புக்கோடு அறுந்து அறுந்து நிற்கும். அப்புறம் காகிதம்தான். சாம்பல் நிறம் என்று ஒன்று அவர் படத்தில் தெரியும், ஆனால் லென்ஸ் வைத்தால் இருக்காது. எல்லாம் கறுப்புக்கோடு, வெள்ளைக் காகிதம். மட்டமான காகிதத்தில் வேகமாக ஓடுகிற மிஷினுக்காக வரைந்த படம் அது. அதனால்தான் நம்ம ஊர் நியூஸ்பிரிண்டிலும் தாங்கியது. சாம்பல் நிறத்தைப் புள்ளியாக உடைக்கிற ஸ்கிரீன் போட வேண்டியதில்லை, வெறும் கோட்டை எடுக்கிற லைன் நெகட்டிவ் போதும். அந்த இரும்பு விரலில் ஒரு மினுக்கு இருக்குமே, அது மசியே படாமல் விட்ட காகிதம். எங்கள் பாஷையில் சொன்னால் ஒபேக் பண்ண வேண்டிய அவசியமே இல்லாத வெள்ளை.

ஒரு தொழில் ரகசியம். நெகட்டிவைத் திருப்பி ஒட்டிவிட்டால் படம் இடம் வலமாக மாறிவிடும். எழுத்து இருந்தால் கண்டுபிடிக்கலாம், எழுத்து இல்லாத படத்தில் யாருக்கும் தெரியாது. மாயாவியில் அந்தத் தப்பு நடந்தால் மட்டும் பத்து வயதுப் பையன்கூடப் பிடித்துவிடுவான். இரும்புக்கை இடது பக்கம் வந்துவிடுமே!

எல்லா மாயாவியும் பிளாஸ்கோ வரைந்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டனில் 1967 வாக்கில் கையடக்க சைஸில் நீளமான மாயாவி கதைகளைத் தனியாகப் போட்டார்கள். அவற்றை வரைந்தவர்கள் வேறு ஆட்கள். சின்ன வயதில் சில புத்தகங்களைப் படிக்கும்போது “இந்தத் தடவை மாயாவிக்கு உடம்பு சரியில்ல போல” என்று தம்பி சொல்வான். மூக்கும் தாடையும் ஒட்டாது. பெயர் தெரியாமலேயே ஆள் மாறியது தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொரு கூத்து. பார்சிலோனாவில் வரைந்து, லண்டனில் ஆங்கிலத்தில் அச்சான அதே கதை, ‘சர்ப்பா தெ அசேரோ’ என்ற பெயரில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாகத் திரும்பி ஸ்பெயினுக்கே வந்தது. சைஸ் மாற்றுவதற்காகக் கட்டங்களை வெட்டி ஒட்டி. சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கதைதான்.

சரி, எல்லோருக்கும் தோன்றும் ஒரு வசனம் எனக்கும் தோன்றியது: ‘மாயாவியை வரைந்தவரும் மாயாவியே, அவருடைய கை மட்டும்தான் தெரிந்தது.’ எழுதினால் அழகாக இருக்கும். ஒரு பழைய நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன், அது சரியில்லை என்பதால். தெரிந்தது ஒரு கை இல்லை. ஹெசூசின் தம்பிகள் அலெஹாந்த்ரோ, அட்ரியானோ, அகுஸ்தோ எல்லோரும் ஓவியர்கள். தங்கை பிலியும் ஓவியர். வீடே ஒரு பட்டறை. தலைக்கு மேல் வேலை வரும்போது தம்பிகள் பென்சில், மசி என்று கைகொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டுகிற வீடு மாதிரிதான். யார் ஒட்டியது என்று பெட்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, ஆனால் எந்த வீட்டுப் பெட்டி என்று கணக்கெடுக்கிறவர் சொல்லிவிடுவார்.

மாயாவிக்கு அப்புறமும் அவர் ஓயவில்லை. பைபிளைக் காமிக்ஸாக ஒரு பிரெஞ்சுப் பதிப்பகத்துக்கு வரைந்தார். ஸ்பெயினில் எல்லோரும் அறிந்த கேப்டன் ட்ரூவெனோவை 1980-களில் மறுபடி கொண்டுவந்தபோது அதற்கு வரைந்தார். இத்தாலியின் டெக்ஸ் வில்லர் கௌபாய் கதைகளும் வரைந்தார். டெக்ஸ் இன்றைக்குத் தமிழில் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். 1982-ல் இத்தாலியில் லூக்கா காமிக்ஸ் விழாவில் மொத்த உழைப்புக்குமாக ஒரு விருது கொடுத்தார்கள்.

இறந்தது 1995 அக்டோபர் 21. அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவருக்காக இல்லை. 24-ஆம் தேதி சூரிய கிரகணம். அதைப் பார்க்கத் தெருவே என்னிடம் வந்து கறுத்த வேஸ்ட் ஃபிலிம் கேட்டது. காலண்டர் வேலை நெருக்கின நேரம். நான் பாட்டுக்கு ஃபிலிமைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிலிம் கண்ணைக் காப்பாற்றாது என்று அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வேலையும் கொஞ்ச வருஷத்தில் போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் டச்சிங் மேஜையைப் பேக்கிங் செக்‌ஷனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

என்னிடம் இப்போது பழைய மாயாவி பதினொன்று இருக்கின்றன. மூன்றுக்கு அட்டை இல்லை. நேற்று எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, லென்ஸ் வைத்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் பென்சிலால் ஓவியர் பெயர் எழுதினேன். ஏழில் ‘ஹெசூஸ் பிளாஸ்கோ’ என்று தயங்காமல் எழுதிவிட்டேன். இரண்டு அவருடையது இல்லை, தாடை காட்டிக்கொடுத்துவிட்டது. மிச்சம் இரண்டுதான் ராத்திரி பதினொரு மணிவரை இழுத்தது. முகங்கள் அவருடையவை. மழையும் சுவரில் விழும் நிழலும் வேறு யாரோ கொஞ்சம் அவசரக்காரர் போட்டவை. “கரண்ட் பில் ஏறுது, படுங்க” என்று வீட்டில் சத்தம் வந்தது. அந்த இரண்டிலும் ‘பிளாஸ்கோ வீடு’ என்று எழுதி மூடிவைத்தேன்.