ஜோனியின் செத்தவீட்டில் நான்

பரிஸ் மெற்றோவில் முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. இங்கே வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான். பெட்டி நிறையச் சனம் இருக்கும், சத்தம் இருக்காது. 2017 டிசம்பர் 6, புதன்கிழமை காலை அந்த வழக்கம் உடைந்தது. வேலைச் சப்பாத்தோடு எதிரே இருந்த வயதான ஒருவர், பக்கத்தில் நின்ற இளம் பெண்ணிடம் "கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். பின்னால் நின்ற இன்னொருவர், தான் இரவு மூன்று மணிக்கே வானொலியில் கேட்டதாகச் சொன்னார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அரைப் பெட்டி கதைத்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மா வெளிப்படையாக அழுதார். யாரும் அவரைப் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பவில்லை.

இறந்தவர் ஜோனி ஹாலிடே. பாடகர். முதல்நாள் இரவு, பரிஸுக்கு வெளியே மார்ன்-லா-கொக்கெத்தில் இருந்த தன் வீட்டில் நுரையீரல் புற்றுநோயால் போய்விட்டார். வயது 74. அந்த நோயோடேயே கோடையில் மேடையேறிப் பாடியிருந்தார்.

பிரெஞ்சு பேசாத நாடுகளில் இந்தப் பெயர் கன பேருக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் என் தங்கைக்குச் சொன்னபோது "அது ஆர்?" என்றுதான் கேட்டாள். இங்கேயோ அவரைத் தெரியாத வீடு இல்லை. முதல் இசைத்தட்டு 1960இல் வந்தது. அமெரிக்காவின் ரொக் அன் ரோலைப் பிரெஞ்சில் பாடிப் பிள்ளைகளை ஆட வைத்தார், அந்தப் பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்ட காலத்திலும் பாடிக்கொண்டிருந்தார். விற்ற இசைத்தட்டுகள் 11 கோடிக்கு மேல் என்று சொல்வார்கள். 1998இல் ஸ்தாத் து பிரான்ஸ் விளையாட்டரங்கில் ஹெலிகொப்டரில் வந்திறங்கிப் பாடியதை நேற்று நடந்தது போலக் கதைப்பார்கள். சொந்தப் பெயர் ஜோன்-பிலிப் ஸ்மெத். தகப்பன் பெல்ஜியக்காரர், பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர். வளர்த்தது தகப்பனின் அக்கா. ஹாலிடே என்ற பெயர் அந்த அத்தையின் மகளைக் கட்டிய அமெரிக்கக்காரரிடமிருந்து வந்தது.

அப்போது நான் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். புதன்கிழமைகளில் போகும் வீட்டு அம்மா ஜோனி பிறந்த அதே 1943இல் பிறந்தவர். நான் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். கூடத்துச் சுவரில் மகனின் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் ஜோனியின் படம் இருக்கும். ஆரம்பத்தில் அது சொந்தக்காரர் யாரோ என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் போனபோது கதவு பூட்டாமல் கிடந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, மதாம் இரவு உடுப்போடேயே இருந்தார். எனக்கு அவருடைய மொழியில் ஆறுதல் சொல்லத் தெரியாது. வகுப்பில் படித்திருந்த வசனம் எல்லாம் தபால் கந்தோருக்கும் வைத்தியரிடமும் போவதற்கானவை. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் முதலில் ஒன்றும் கதைக்காமல் பக்கத்தில் போய் இருப்போம். அதைத்தான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே சொல்லத் தொடங்கினார்.

சொன்னதெல்லாம் ஜோனியைப் பற்றியும் இல்லை. மூத்தவன் பிறந்தது இந்தப் பாட்டு வந்த வருஷம், மனுஷன் வேலை செய்த தொழிற்சாலை மூடியது அந்தப் பாட்டு வந்த வருஷம் என்று தன் வாழ்க்கை முழுவதையும் அந்தக் குரலில் கட்டி வைத்திருந்தார். 1968இல் தெருவில் நடந்தது, வேலைநிறுத்தங்கள், கடற்கரைக்குப் போன முதல் விடுமுறை, விவாகரத்து எல்லாம் வந்தது. குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தபின் எங்களைக் குடியியல் வகுப்புக்கு அனுப்பினார்கள். 1789ஆம் ஆண்டுப் புரட்சி, குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணுருவம், மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் அங்கே சொல்லித் தந்தார்கள், நல்லாகவே சொல்லித் தந்தார்கள். ஆனால் இந்த நாட்டில் மதாமைப் போல ஒரு காசாளர் பெண் ஐம்பது வருஷம் எப்படி வாழ்ந்தாள் என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தக் காலையில்தான். போகும்போது மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு என் முழங்கால் என்னைப் போக விடாது. நீங்கள் போங்கள். எனக்காக" என்றார்.

அந்த வாரம் இன்னொரு சாவும் நடந்தது. எழுத்தாளர் ஜோன் தோர்மேசோன், பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர், ஜோனிக்குச் சற்று முந்தி 92 வயதில் இறந்தார். வெள்ளிக்கிழமை அன்வலித் என்ற பழைய இராணுவ மாளிகையில் அரச மரியாதை; ஜனாதிபதி மக்ரோன் சவப்பெட்டியின் மேல் ஒரு பென்சில் வைத்தார். அது முற்றத்துக்குள் ஒழுங்காக நடந்த மரியாதை. மறுநாள் பாடகருக்கு நடந்தது தெருவில்.

சனிக்கிழமை, 9ஆம் திகதி. ஷான்ஸ் எலிசேயில் வாகனம் எல்லாம் மறித்திருந்தார்கள். நான் போனபோது நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. நோர்மண்டியிலிருந்து, வடக்கிலிருந்து, தெற்கிலிருந்து இரவிரவாகப் பேருந்தில் வந்த சனம். தோல் ஜாக்கெட் போட்ட தாத்தாமார், கையில் ஜோனியின் முகத்தைப் பச்சை குத்திய பெண்கள், தகப்பனின் தோளில் சின்னப் பிள்ளைகள். ஈஃபில் கோபுரத்தில் 'நன்றி ஜோனி' என்று விளக்கெழுத்து எரிந்த வார இறுதி அது. என் பக்கத்தில் நின்ற பெண் சூடான கோப்பியைப் போத்தல் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். "அங்கேயும் அவரைத் தெரியுமா?" என்று கண் விரியக் கேட்டார். ஒரு வயதான அம்மாவுக்காக வந்திருக்கிறேன் என்றதும், "அப்படியென்றால் முன்னுக்கு வாருங்கள், அவவுக்குச் சரியாகச் சொல்லவேண்டுமே" என்று தன் இடத்தை விட்டுத் தந்தார்.

வெற்றி வளைவின் பக்கமிருந்து வெள்ளைப் பெட்டி வந்தது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 700 மோட்டார் சைக்கிள்கள். பெட்டி எங்களைக் கடந்தபோது சனம் கைதட்டியது. நான் திடுக்கிட்டுப் போனேன். செத்தவருக்குக் கைதட்டுவதா? எங்களுக்கு ஒப்பாரி உண்டு, பறை மேளம் உண்டு, வெடி கொளுத்துவதும் உண்டு. கைதட்டு என்பது கலியாணத்துக்கும் மேடைக்கும் உரியது. ஆனால் அவர்கள் அழுதுகொண்டே தட்டினார்கள், கை சிவக்கத் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும் ஒருவரை இப்படித்தானே அனுப்ப முடியும் என்று அந்த இடத்தில் நின்றபோது விளங்கியது. நானும் தட்டினேன்.

ஊர்வலம் கொன்கோர்ட் சதுக்கத்தைத் தாண்டி மட்லேன் தேவாலயத்துக்குப் போனது. அவரோடு வாசித்த இசைக்காரர்கள் வெளியே மேடை போட்டு வாசிக்க, சனம் பாடியது. சொல் மறக்காமல், ஒரு வரி விடாமல். மக்ரோன் தேவாலயத்துப் படியில் நின்றுதான் பேசினார். முதலில் சிலர் கூக்குரல் போட்டார்கள், பிறகு கேட்டார்கள். அவரும் கடைசியில் ஜோனிக்குக் கைதட்டச் சொன்னார். உள்ளே பூசையில் எல்லோரும் பெட்டிக்குப் புனித நீர் தெளித்தபோது ஜனாதிபதி தெளிக்காமல் கையை மட்டும் பெட்டியில் வைத்தார் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். வகுப்பில் படித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் கண்ணால் பார்த்தது போல இருந்தது. துக்கத்தில்கூட அரசுக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்.

இந்த மனிதரில் குறை இல்லாமல் இல்லை. வரி காரணமாக 2006இல் சுவிஸுக்கு வீடு மாறியவர். அதை மதாம் எனக்குச் சொன்னபோது கோபத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அழுதார். எம்.ஜி.ஆரைப் பற்றி என்ன குறை சொன்னாலும் 1987 டிசம்பரில் எங்கள் அம்மா அடுப்பு மூட்டவில்லை. பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடைக்கார அண்ணை, "ஒரு பாட்டுக்காரனுக்கு இவ்வளவு சனமோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். எம்.ஜி.ஆரைச் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அன்று அந்தத் தெருவில் என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. ஒரு நாடு தன் மிகப் பெரிய தெருவை மறித்து, சனத்தைப் பார்த்து, வந்து அழுங்கள் என்று விட்டிருந்தது. பொலிசார் நின்றார்கள், அழுகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கைமாற்றினார்கள். நான் வந்த இடத்தில் அழுவதற்குப் பயப்பட்ட ஆண்டுகள் உண்டு. போர் முடிந்தபின், இறந்த போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்டன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்த மண்ணில் விழுந்து அழுவது என்று தெரியாமல் நின்றாள். 2012 நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விளக்கேற்றிய பிறகு மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். என் மாமி மே மாதத்தில் சாமியறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் மகனின் படத்துக்கு விளக்கு வைப்பார். வீதியில் நின்று சத்தமாக அழுவது எவ்வளவு பெரிய உரிமை என்பது அதை இழந்தவர்களுக்குத் தெரியும். ஷான்ஸ் எலிசேயில் நின்ற சனத்துக்கு அது தெரியவேண்டிய தேவை இருந்ததில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம், அப்படியே இருக்கட்டும்.

இதற்கு முன் இந்த ஊர்ச் சனம் இப்படித் திரண்டதை நான் பார்த்தது 2015இல், துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு. அதில் பயம் கலந்திருந்தது. அந்த வருஷம் போட்ட அவசரகாலச் சட்டத்தை 2017 நவம்பர் 1ஆம் திகதிதான் நீக்கியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, முதியவர் ஒருவர் நோயால் இறந்ததற்காக, பயமில்லாமல் எல்லோரும் வெளியே வந்தார்கள். அந்த நிம்மதியும் அன்றைய அழுகைக்குள் இருந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயர்பெற்ற தத்துவவாதி ஒருவர் வானொலியில், ஜோனியை வழியனுப்ப வந்தவர்கள் சாதாரண வெள்ளைக்காரர்கள்தான், இந்த மண்ணின் வழியில் வராதவர்களை அங்கே காணவில்லை என்ற பொருளில் பேசினார். நாடெங்கும் அது சர்ச்சையானது. எனக்குக் கோபத்தைவிட வலிதான் கூட இருந்தது. அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. கூட்டத்தில் என் நிறத்தில் அதிகம் பேர் இல்லை. என் ஆட்கள் பலர் அந்த நேரம் உணவகச் சமையலறைகளில் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் அங்கே நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி, அல்ஜீரியாவில் பிறந்த ஒரு பெரியவர் பேரனோடு நின்று முழுப் பாட்டையும் பாடினார். எங்களை எண்ணுவதற்கு எங்கள் பக்கம் யாராவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கோப்பி தந்த பெண் திரும்பிப் பார்த்தார், இடமும் தந்தார். இந்த நாட்டைப் பற்றி நான் யாரை நம்புவது என்று கேட்டால் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை ஜோனியை சென் பார்த்தெலெமித் தீவில் புதைத்தார்கள். கரீபியன் கடலில், அத்லாந்திக்குக்கு அந்தப் பக்கம். மதாமுக்கு அது தாங்கவில்லை. "விமானச் சீட்டுக்கு நான் எங்கே போவேன்? ஒரு பூவைக்கூட வைக்க முடியாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கன பேர் அப்படித்தான் மனம் நொந்தார்கள். என் அப்பாவின் செத்தவீட்டை நான் கைபேசித் திரையில் பார்த்தவள். அகதி அட்டையோடு அந்த நாட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. தூரத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடியதைச் சொன்னேன்: படத்துக்கு முன்னால் விளக்கு வையுங்கள், மாதத்தில் அந்தத் திகதியை விடாதீர்கள். மதாம் மெழுகுதிரி வைத்தார்.

அந்தத் திகதியை மற்றவர்களும் விடவில்லை. மட்லேன் தேவாலயத்தில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் திகதி ஜோனிக்காகப் பூசை வைக்கத் தொடங்கினார்கள். குளிர் குறைந்தபின் மதாமை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்தாலும் சனம் கலையாது, படியிலேயே நின்று கதைக்கும். அந்த நேரம் உயில் பிரச்சினை பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாச் சட்டப்படி எழுதிய உயிலில் சொத்தெல்லாம் மனைவி லெத்திசியாவுக்கு. முந்திய உறவுகளில் பிறந்த பிள்ளைகள் தவீதுக்கும் லோராவுக்கும் ஒன்றுமில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளையைப் பங்கிலிருந்து முழுதாக வெட்ட முடியாது. படியில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். மதாம் லெத்திசியாவின் பக்கம். கடைசிவரை பார்த்தவள் அவள்தானே என்றார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காணிச் சண்டை பார்த்து வளர்ந்தவள் நான், பிள்ளையை வெட்டினால் அந்தக் குடும்பம் பிறகு ஒன்றுசேராது என்று சொன்னேன். தோல் ஜாக்கெட் போட்ட ஒருவர் "மதாம் சொல்வது சரி" என்று என்னைக் காட்டிச் சொன்னார். என் மதாம் விடவில்லை. கார் வரும்வரை அந்தப் படியில் நின்று பிரெஞ்சில் வாதாடிக்கொண்டிருந்தோம்.